பங்களாவுக்குப் போன நாற்காலி

அந்த நாற்காலியை முதன்முதலாகப் பார்த்தபோது என் மாமா அதை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்து, "பாவம், வேலைய முடிக்காமலே குடுத்துட்டாங்க போல" என்றார்.

தளபாடம் விஷயத்தில் மாமா சொன்னால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மறுபேச்சு கிடையாது. அவர் அம்மாவின் தம்பி. ஹாலிஎல டவுனில் ஒரு தளபாடக் கடையில் வேலை செய்தார். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அலுமாரி பார்த்துக் கொடுப்பது அவர்தான். சிங்கமுகம் செதுக்கிய கட்டில், தங்க நிறக் கம்பி ஓடிய சோபா, கண்ணாடி பதித்த மேசை என்று பழகிய கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கு அம்மாவின் நாற்காலி பாதியில் விட்ட வேலையாகத்தான் தெரிந்திருக்கும். மெல்லிய மரச்சட்டம், ஒரே வளைவாக இறங்கிக் காலோடு சேர்ந்துவிடும் இரண்டு கைப்பிடிகள், உட்காரவும் சாயவும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கித்தான் பட்டைகள், அவ்வளவுதான். பூ வேலை இல்லை, பளபளப்பு இல்லை, மெத்தை இல்லை. ஓர் ஆணியின் தலை கூட வெளியே தெரியாது.

"ஒரு சோபா செட்டு குடுத்திருக்கலாம் அந்த வெள்ளைக்காரம்மா" என்று லயத்தின் பக்கத்துக் காம்பரா வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வெள்ளைக்காரம்மா சுவிஸ் நாட்டுக்காரர். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறும் பாதையில் இருக்கிறது எங்கள் தோட்டம். அங்கே வெகுகாலம் பூட்டிக் கிடந்த சின்னப் பங்களாவை, கோயில் பாதர் மூலமாக வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். தன் ஊரில் நாற்காலி செய்கிற ஒரு பட்டறையில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்து ஓய்வு பெற்றவராம். நெஞ்சுக்கு இந்த மலைக் குளிர் ஒத்துப்போகும் என்று யாரோ சொல்லி வந்துவிட்டார். எதை விட்டுவிட்டு வந்தாரோ தெரியாது, தன் பட்டறை நாற்காலியில் ஒன்றை மட்டும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு சின்னப் பங்களாவுக்குப் போய்க் கூட்டித் துடைத்துவிட்டு வருவாள். வெள்ளைக்காரம்மாவுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "மெதுவா", "போதும்", "ஒக்காரு". இந்தக் கடைசி வார்த்தையில்தான் இருவருக்கும் சண்டை. அவர் உட்காரச் சொல்வார், அம்மா தரையில் உட்காருவாள். அவர் கோபமாக நாற்காலியைக் காட்டுவார். அம்மா சிரித்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொள்வாள். பல மாதம் இப்படிப் போன பிறகு, ஒருநாள் நனைந்து நடுங்கிக்கொண்டு போன அம்மாவை அவர் தோளைப் பிடித்து அதில் அமுக்கி உட்கார வைத்துவிட்டாராம்.

"ஒக்காந்ததும் முதுகு எங்க போச்சுன்னே தெரியல" என்று அன்றைக்கு வந்து அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

பாதர் ஒருமுறை மொழிபெயர்த்துச் சொன்ன கதையையும் அம்மா அடிக்கடி சொல்வாள். அந்தப் பட்டறையில் ஒரு புது நாற்காலி செய்தால், அதை வெளியே அனுப்புவதற்கு முன்னால் அங்கே வேலை செய்கிற எல்லாரும் அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். முதலாளி, மரம் அறுக்கிறவர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாரும். யாருக்கு எந்த இடம் வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு மரத்தைச் சீவுவார்களாம். யாருக்கும் வலிக்காத அன்றுதான் அது நாற்காலியாம். இந்த மாதிரி நாற்காலிகளில் பூவும் பளபளப்பும் இல்லாதது ஏன் என்று பின்னாளில் எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். எனக்கு இந்த ஒரு விளக்கம் போதும்.

வெள்ளைக்காரம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், ஊருக்கே திரும்ப வேண்டி வந்தது. புறப்படுகிற அன்று, அப்போது தோட்டத்தை நடத்திய பழைய துரை, பாதர், பங்களா வாச்சர் என்று எல்லாரும் நிற்கும்போதே நாற்காலியைத் தொட்டு, பிறகு அம்மாவின் தோளைத் தொட்டு, "ஒக்காரு" என்றார். அவருடைய சாமான் ஏற்ற வந்த வேனே அதைக் கொண்டுவந்து எங்கள் லயத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அவ்வளவுதான் நடந்தது. துண்டுக் காகிதம் கூட யாரும் எழுதவில்லை. கண் முன்னால் கொடுத்ததற்குக் காகிதம் எதற்கு?

நாலைந்து வருடம் அது எங்கள் வீட்டில் இருந்தது. பகலில் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கிடக்கும். சாரல் அடிக்கும், கோழி ஏறும், நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஏறிக் குதிப்போம். அம்மா வேலை முடிந்து வந்து, இடுப்பில் கட்டுகிற ஈரப் படங்கை அதன் மேல் விரித்துக் காயப் போடுவாள். அந்த வருடங்களில் எங்கள் லயத்தில் எத்தனை பிளாஸ்டிக் கதிரைகள் கால் விரிந்து போயின என்று சொல்ல முடியாது. மாமா வாங்கிக் கொடுத்த சோபா ஒன்று, மூன்றாவது காம்பராவில், வயிறு கிழிந்து உள்ளே அடைத்த தேங்காய்த் தும்பைக் கக்கிக்கொண்டு கிடந்தது. அம்மாவின் நாற்காலி ஒருமுறை முனகியது கூட இல்லை. அதற்காக யாரும் அதை மெச்சவும் இல்லை. அது யாருடையது என்று யாரும் கேட்கவும் இல்லை.

பழைய துரை மாற்றலாகிப் போனார். புதுத் துரை வந்தார். தோட்டத்துப் பெரிய பங்களாவை வெளிநாட்டுப் பயணிகள் தங்குகிற இடமாக மாற்றப் போகிறார்கள் என்றார்கள். அதை அலங்கரிப்பதற்குக் கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். துரையோடு லயத்துப் பக்கம் படம் எடுத்துக்கொண்டு வந்தவள் எங்கள் இஸ்தோப்பைக் கண்டதும் நின்றுவிட்டாள். கோழியை விரட்டினாள். அம்மாவின் படங்கை இரண்டு விரலால் தூக்கிக் கீழே போட்டாள். தரையில் முழங்கால் போட்டு, நாற்காலியின் அடியில் எரித்துப் பதித்திருந்த சின்ன முத்திரையைப் பார்த்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். துரையிடம் இங்கிலீஷில் நிறையப் பேசினாள். எனக்குப் புரிந்தது "சுவிஸ்" என்ற ஒரு சொல்தான்.

மறுநாள் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் இரண்டு வாச்சர்களோடு வந்துவிட்டார்.

"இது பங்களா சாமான். எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"பங்களா சாமான் இல்லீங்க. அந்தம்மா எனக்குக் குடுத்தது. இந்தா நிக்கிற வாச்சரே பாத்துக்கிட்டுதானே நின்னாரு" என்றாள் அம்மா.

அந்த வாச்சர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளாக்கர் சிரித்தார்.

"கொழுந்து பறிக்கிற ஒனக்கு இத எதுக்கும்மா அவங்க குடுக்கணும்? நம்புற மாதிரி ஏதாச்சும் சொல்லு."

"கொழுந்து பறிக்கிறதுனாலதாங்க குடுத்தாங்க."

அதைக் கேட்கக் கிளாக்கர் நிற்கவில்லை. வாச்சர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். திருப்பத்தில் கிளாக்கர் திரும்பிப் பார்த்து, "போ, போ" என்று ஆட்டுக்குட்டியை விரட்டுகிற மாதிரி கையை ஆட்டினார்.

அது ஒன்றுக்கும் ஆகாத சாமான் என்று நினைத்த வரைக்கும் எங்களுடையதாக இருந்தது. நல்ல நாற்காலி என்று தெரிந்த மறுநாளே அது எங்களுடையதாக இருக்கவே முடியாது என்று முடிவாகிவிட்டது. இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்?

அப்பா தொழிற்சங்கத் தலைவரைப் போய்ப் பார்த்தார். "சம்பளம், நாள், லீவு இதுக்குத்தான் சங்கம் பேசும். நாக்காலிக்கெல்லாம் பேச முடியுமா?" என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு அதோடு தைரியம் போய்விட்டது.

"வுட்டுரு" என்றார் அம்மாவிடம். "வீடு அவங்களுது. லயம் அவங்களுது. குடிக்கிற தண்ணி அவங்களுது. இதுல நாக்காலி மட்டும் நம்மளுதுன்னா எவன் நம்புவான்?"

"அதனாலதான் வுட மாட்டேங்கிறேன். அது ஒண்ணுதான் நம்மளுது" என்றாள் அம்மா.

மறுநாள் காலை பெரட்டில் கணக்கப்பிள்ளை வரிசையாகப் பேர் கூப்பிட்டு, இன்னார் இந்த மலைக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார். துரையும் சற்றுத் தள்ளி நின்றிருந்தாராம். அம்மாவின் பேர் வந்ததும், "இருக்கேங்க" என்று சொன்னவள் நிறுத்தாமல், "எங்க வீட்டு நாக்காலி எப்ப வரும்ங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

கணக்கப்பிள்ளை பயந்துபோய், "அத எங்கிட்ட ஏம்மா கேக்குற?" என்றார்.

"ஒங்ககிட்ட கேக்கலீங்க. கேக்க வேண்டியவங்க காதுல வுழட்டும்."

அன்று பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். அம்மாவைச் செங்குத்தான மலைக்கு, அட்டை காலைப் பிடுங்குகிற ஈர மலைக்கு அனுப்பினார்கள். போனாள். விடிந்தால் மறுபடி பெரட்டில் நின்று, குரலைக் கூட்டாமல் குறைக்காமல், அதே கேள்வி. கொஞ்ச நாளில் யாரும் சிரிப்பதில்லை. அம்மாவின் பேரைக் கூப்பிடும் முன்பு கணக்கப்பிள்ளை ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார் என்று சொல்வார்கள். துரை பெரட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் சோபா வந்தது.

ஒருநாள் சாயங்காலம் தோட்டத்து டிராக்டர் எங்கள் லயத்தை நோக்கி ஏறி வந்தது. பெட்டியில் சிவப்பு வெல்வெட் சோபா. பூப்பூவாக, ஓரமெல்லாம் தங்க நிற மணி வைத்து, கண்ணாடித்தாள் உறை கூடக் கழற்றாமல். அதன் மேல் மாமா, தேரில் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தார். அம்மாவின் வாயை அடைக்கத் துரை மாமாவின் கடையிலேயே வாங்கி அனுப்பியிருக்கிறார். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். லயமே திரண்டு வந்தது. நான் கைதட்டிக் குதித்தேன்.

"எறக்காத" என்றாள் அம்மா.

"அக்கா, இது கடையிலேயே நல்ல செட்டு. தொட்டுப் பாரு."

"நான் கேட்டது இது இல்ல."

"அந்தக் குச்சி நாக்காலிக்கு இது எவ்வளவோ மேல்க்கா! சொன்னா கேளு!"

அதற்குள் நான்கு ஆண்கள் சோபாவை இறக்கி வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அது வாசலில் நுழையவில்லை. நீளவாட்டில் திருப்பினார்கள், நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள். மாமா கதவு நிலையைக் கழற்றிவிடலாம் என்று ஆரம்பித்தார். அம்மா வாசலில் வந்து நின்றுகொண்டாள். "அது இந்த வீட்டுக்குன்னு செஞ்சது இல்லடா தம்பி. கொண்டு போயிரு."

சோபா டிராக்டரில் ஏறித் திரும்பிப் போனது. மாமா அதன் மேல் உட்காராமல் பக்கத்தில் தொங்கிக்கொண்டு போனார். நான் தரையில் புரண்டு அழுதேன். அந்த வயதில் துரை மேலும் கிளாக்கர் மேலும் இருந்த கோபமெல்லாம் சேர்ந்து அம்மா மேல் திரும்பிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே அழகான சாமானைத் திருப்பி அனுப்பியவள் என் அம்மா! பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெரிய பங்களாவைத் திறந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வேலை இருந்தது. நான் மலைக்குத் தேத்தண்ணி கொண்டு போயிருந்தேன். மழை வந்து, கொழுந்துக் கூடையோடு இருந்த பெண்களோடு நானும் பாதையில் இறங்கினேன். பாதை பங்களாவை ஒட்டிப் போகும். கண்ணாடி போட்ட புது விறாந்தையில் நாலைந்து வெள்ளைக்காரர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மர மேடை. அதன் மேல் எங்கள் நாற்காலி. முன்னால் சிவப்புக் கயிறு கட்டி, ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார்கள்.

"என்னா எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டாள். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு படித்தேன்.

"ஒக்காரக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"எதுல?"

"நாக்காலியிலதான்."

"நாக்காலியில ஒக்காரக் கூடாதா?" என்று அம்மா தனக்குத்தானே கேட்டாள். பிறகு நெற்றியிலிருந்து கூடைக் கயிற்றை எடுத்து, கூடையை இறக்கிப் பாதையில் வைத்துவிட்டு, பங்களாவின் முன்வாசல் வழியாக உள்ளே போனாள்.

அவள் காலில் செருப்பில்லை. படங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் இறங்கியிருந்தது. பளபளத்த அந்தத் தரையில் தடம் வைத்துக்கொண்டு போய், கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

வாச்சர் ஓடி வந்து, "எந்திரிக்கா, எந்திரிக்கா, தொரை வர்றாரு" என்று கெஞ்சினார். துரை வந்தார். வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருடைய வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண் வேறு என்னவோ செய்துகொண்டிருந்தது. அதைவிடக் கொடுமை, அந்த வெள்ளைக்காரர்கள் இதையும் பங்களாவின் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள். கொழுந்து பறிக்கிற பெண் வந்து உட்கார்ந்து காட்டுகிறாளாம். கையில் இருந்ததை வைத்துவிட்டு, எழுந்து வந்து போட்டோ எடுத்தார்கள். ஒருவர் அம்மாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லிச் சைகை காட்டினார்.

அம்மா கண்ணைத் திறந்து துரையைப் பார்த்தாள்.

"நான் எடுத்துக்கிட்டுப் போறேங்க."

எழுந்தாள். தலைத்துணியைச் சரிசெய்தாள். நாற்காலியைக் கவிழ்த்து ஒரே தூக்காகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அந்த சோபாவை இறக்க நான்கு ஆண்கள் தேவைப்பட்டார்கள். இதை ஓர் ஆள் தனியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அந்தப் பட்டறையில் யாரோ யோசித்திருக்கிறார்கள். முன்வாசல் வழியாகவே வெளியே வந்தாள். பின்னால் வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். பாதையில் நின்ற பெண்களில் ஒருத்தி அம்மாவின் கூடையைத் தன் கூடையோடு எடுத்துக்கொண்டாள். வரிசையாக லயத்துக்கு வந்து சேர்ந்தோம்.

கிளாக்கர் பொழுது சாய்வதற்குள் வந்தார். வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்ததால் கொஞ்சம் தள்ளி நின்றே பேசினார்.

"இது களவு. போலீசுக்குப் போக வேண்டி வரும்."

"போவோங்க. நானும் வர்றேன்" என்றாள் அம்மா. "பங்களா இத எந்தக் கடையில வாங்குச்சுன்னு அங்க வந்து சொல்லுங்க."

கிளாக்கர் போனார். பிறகு வரவில்லை. மன்னிப்பு என்று யாரும் எங்களிடம் கேட்கவும் இல்லை. அந்தத் துரை மாற்றலாகிப் போகும் வரைக்கும் அம்மாவுக்கு அட்டை கடிக்கிற மலைதான். பங்களாவுக்கு அதே மாதிரி ஒரு நாற்காலியைக் கொழும்பிலிருந்து வரவழைத்தார்கள். தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதில் உட்காரக் கூடாது என்று அட்டை போட்டது மட்டும் நியாயம்தான், உட்கார்ந்தால் அது தாங்காது என்று வாச்சரே சொன்னார்.

எனக்கு அம்மா மேல் இன்னொரு மனக்குறை வந்து சேர்ந்தது. நாற்காலி பங்களாவில் இருந்த நாட்களில் நான் எவ்வளவு வெள்ளென விழித்தாலும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, தண்ணீர் எல்லாம் பிடித்து வைத்துவிட்டு, அம்மா அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். நாற்காலி திரும்பி வந்ததும் அதெல்லாம் போயிற்று. பெரட்டு மணி அடிக்கும் வரைக்கும் அதிலேயே சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கினாள். அப்பாதான் தேத்தண்ணி ஊற்றினார். ரொட்டி கருகியிருந்தது. பங்களாவுக்குப் போகும் முன்பும் அம்மா அதிலேயேதான் தூங்கினாளோ என்னவோ, நான் கவனித்ததில்லை.

சோபாக் கோபத்தில் வெகுநாள் வராமலிருந்த மாமா ஒருநாள் வந்தபோது, இதை அவரிடம் சொன்னேன்.

"அந்த நாக்காலி வந்ததுல இருந்து அம்மா சோம்பேறியா போயிருச்சு மாமா."

என்னோடு சேர்ந்து அம்மாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "ராத்திரியெல்லாம் அதுலயா கெடக்கு?" என்று கேட்டார்.

"ஆமா. எங்களோட பாயில படுக்கிறதே இல்ல. படுத்தா முதுகு புடிச்சுக்கிட்டு எந்திரிக்க முடியலையாம்."

மாமா இஸ்தோப்பில் இருந்த நாற்காலியின் பக்கத்தில் போய்க் குனிந்து, பட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார். சாய்கிற இடத்தில் கையை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார். அம்மா போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சோபாவைத் திருப்பி அனுப்பிய கோபம் மாமாவுக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.